மரியான் மூரின் ‘கவிதை’: நீளமானதா, மூன்று வரியா?

அமெரிக்கக் கவிஞர் மரியான் மூர் (1887–1972), 1919-இல் வெளியான தன் ‘கவிதை’ என்ற கவிதையைப் பலமுறை வெட்டித் திருத்தினார். 1967-இல் வந்த முழுத்தொகுப்பில் மிஞ்சியது மூன்றே வரி. நீள வடிவம் கடைசிப் பக்கக் குறிப்புகளுக்குப் போய்விட்டது.

நீள வடிவத்தில் ஒரு மிருகக்காட்சிசாலையே இருக்கிறது: தலைகீழாகத் தொங்கும் வௌவால், தரையில் புரளும் காட்டுக்குதிரை, மரத்தடியில் ஓநாய், நடுவே ஒரு பேஸ்பால் ரசிகர். கற்பனைத் தோட்டங்களில் நிஜத் தேரைகள் என்ற புகழ்பெற்ற வரியும் இதில்தான். வாக்கியமோ வரிமுடிவைக் கண்டுகொள்ளாமல் தாண்டி ஓடும்.

குட்டி வடிவத்தில் இதெல்லாம் போச்சு. ‘கவிதை எனக்கும் பிடிக்காது, ஆனாலும் முழு அலட்சியத்தோடு படித்தால்கூட உண்மையானதற்கு அதில் ஓர் இடம் தென்படுகிறது’ என்கிறார் மூர், அவ்வளவுதான் செய்தி. 1925 முதல் 1929 வரை ‘டயல்’ இதழின் ஆசிரியராக இருந்தவரின் கத்தரி இதில் தெரிகிறது. விடுபட்டவை தற்செயல் அல்ல என்று தொகுப்பின் முன்பக்கத்திலேயே எழுதியும் வைத்தார். கில்லாடி!

என் ஓட்டு நீளமானதற்கே. சுருக்கியதில் கூற்று தங்கிவிட்டது, ஆதாரம் வெளியேறிவிட்டது. மூரை ஏற்கெனவே படித்தவருக்குக் குட்டி வடிவம் நல்ல குறும்பு, சரி. புதிதாக வருபவர் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போகலாம்.