சிலுவையா, முத்தா: எதை முதலில் படிப்பது?

இடைக்கால இங்கிலாந்தின் கிறிஸ்தவக் கவிதைகளில் ஒன்றிரண்டைப் படித்துப் பார்க்க நினைத்தால், ‘சிலுவையின் கனவு’, ‘முத்து’ இரண்டும் முன்னால் வந்து நிற்கும். இரண்டுமே கனவுக் கவிதைகள். எழுதியவர் யாரென்று தெரியாது.

நீளம்: சிலுவை 156 வரி, ஒரே மூச்சில் முடியும். முத்து 1,212 வரி.

மொழி: இரண்டுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். முத்து 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிதான், ஆனாலும் அதன் வட்டார வழக்கு அதே காலக் கவிஞர் சாசரின் ஆங்கிலத்தைவிடக் கடினம்.

குறியீடு: சரி, சுவையே இங்கேதான். சிலுவையில் மரமே பேசுகிறது. இயேசு இளம் வீரனாகத் தானே வந்து ஏறுகிறார். மரம் நினைத்தால் பகைவரை வீழ்த்தியிருக்கலாம். ஆண்டவர் சொல்லுக்காக அசையாமல் நிற்கிறது. தலைவனைக் காக்க வேண்டிய விசுவாசிக்கு அவரைக் கொல்லும் கருவியாகும் கதி! கனவில் அது ஒரு கணம் மணிகளால் மின்னும், மறுகணம் இரத்தத்தில் நனையும். இதன் சில வரிகள் ஸ்காட்லாந்தின் ரத்வெல் கற்சிலுவையிலும் ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் உண்டு.

முத்தில், தொலைந்த முத்து என்பது இரண்டு வயதுகூட நிரம்பாமல் இறந்த குழந்தை. அப்புறம் அதுவே மத்தேயு நற்செய்தி சொல்லும் விலையுயர்ந்த முத்தாகவும் ஆகிறது. ஆற்றின் அக்கரையில் மகள், இக்கரையில் வாதாடும் அப்பா. தாவிக் கடக்கப் பார்க்கிறார், விழித்துவிடுகிறார்.

வீரமும் வேகமும் வேண்டுமென்றால் சிலுவை. யாரையாவது இழந்தவர் என்றால் முத்து, அவசரமில்லாமல். என் ஓட்டு சிலுவைக்கு.