'ஊங்' சத்தம்: டயரா, பேரிங்கா, கியர் பொக்ஸா?

திருகோணமலையில், சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நிலாவெளிப் பக்கம் போகும்போது, என் காரின் வேகம் 45ஐத் தொட்டதும் தொடங்கும். தூரத்தில் யாரோ மா அரைக்கிற மில்லைப் போட்டுவிட்ட மாதிரி ஒரு 'ஊங்'. 60இல் ரேடியோவையும் மீறிக் கேட்கும். கார் 121 கொரோல்லா, மெனுவல் கியர், முன்சக்கரம் இழுக்கிற வகை. மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது. உவர்மலையில் பக்கத்து வீட்டு அங்கிள், "டயர்தான் தம்பி, வேற ஒண்டும் இல்ல" என்றார். கிண்ணியாவில் வேன் ஓடுகிற மச்சான், "கியர் பொக்ஸ் போகப்போகுதடா, இப்பவே வித்துப்போடு" என்றான். கராஜ் பாஸ் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வலது முன் பேரிங் (சக்கரம் சுற்றுவதற்கு நடுவில் தாங்கி நிற்கிற குண்டு வளையம்) என்றார், அடுத்த நாளே மாற்றியும் தந்தார். சத்தம் ஒரு துளி குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் நானே இறங்கி, இந்த மூன்று சந்தேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். காசு செலவில்லாத சோதனைகள்தான் எல்லாம்.

முதலில் பிரிக்க வேண்டியது, சத்தம் எஞ்சினோடு ஓடுகிறதா சக்கரத்தோடு ஓடுகிறதா என்பதை. நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் பண்ணிப் பாருங்கள், அப்போதே வந்தால் சக்கரத்தின் பக்கம் போகவே தேவையில்லை. எனக்கு வரவில்லை. அப்புறம் வெறும் ரோட்டில் 60இல் போய், கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, காரை உருள விட்டேன். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிட்டது, ஆனால் ஊங் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருந்து, வேகம் குறையக் குறையத்தான் அடங்கியது. மச்சானின் கட்சி பாதி தோற்றது அந்த இடத்தில்தான். பாதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நியூட்ரலில் உருளும்போதும் கியர் பொக்ஸுக்குள் டிஃபரன்ஷியலும் (இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரங்கள்) வெளியே போகிற ஷாஃப்டும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் டிஃபரன்ஷியல் பல்லில் தேய்மானம் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுத்தால் வேறு குரல் என்று பெரும்பாலும் மாறும். எஞ்சின் இழுவை கியர் பொக்ஸுக்குள் நுழைகிற இன்புட் ஷாஃப்டின் பேரிங் என்றால் நின்ற இடத்தில் நியூட்ரலில் உறுமும், கிளச்சை மிதித்ததும் ஊமையாகும். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது கிளச் ரிலீஸ் பேரிங். ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரைத்தான் பார்க்க வேண்டும். என் கார் மூன்றாவதிலும் நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஒரே வேகத்தில் ஒரே ஊங். கியர் ஒயிலை இறக்கி வெள்ளைத் துணியில் ஊற்றியும் பார்த்தேன், இரும்புத் துகள் ஒன்றும் இல்லை. சரி, கியர் பொக்ஸை விட்டேன்.

சிவி ஜொயின்டை (கியர் பொக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டின் மடங்கும் மூட்டு) நிறையப் பேர் தேவையில்லாமல் இழுத்து வருகிறார்கள். அது பொதுவாக ஊங் என்று பாடாது. வெளிப்பக்க ஜொயின்ட் ஸ்டியரிங்கை முழுக்க வெட்டி மிதிக்கும்போது 'டக் டக்' என்று அடிக்கும், உள்பக்கம் உள்ளது இழுக்கும்போது காரை நடுங்க வைக்கும். ரப்பர் பூட் கிழிந்து ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. மச்சானின் வேன் போன்ற பின்சக்கர வண்டி என்றால் கணக்கு வேறு, அங்கே புறப்படும்போது 'டொங்' என்று ஒரு அடி விழுந்தால் பின்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற புரொப்பலர் ஷாஃப்டின் குரொஸ் மூட்டைத்தான் முதலில் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

மிச்சம் இருப்பது டயரும் பேரிங்கும். இரண்டும் குரலில் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் வேகத்தோடு ஏறும், இரண்டும் ஆக்சிலேட்டரைச் சட்டை செய்யாது. என் டயர் அளவுக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் ஒரு செக்கனுக்கு எட்டு ஒன்பது தடவை சுற்றும். டயரின் தேய்ந்த பூ (ரோட்டைத் தொடுகிற வெட்டுக்கள்) ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டை வரிசையாக அறைவதும், பேரிங் குண்டுகள் குழி விழுந்த தடத்தில் ஏறி இறங்குவதும் காதுக்கு ஒரே ஊங்காகத்தான் வந்து சேரும்.

டயரைக் காட்டிக்கொடுப்பது ரோடு. புதுக் கார்பெட் ரோட்டிலிருந்து பழைய கரடான ரோட்டுக்கு இறங்கும் இடத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு கவனியுங்கள்: டயர்ச் சத்தம் அந்தக் கோட்டிலேயே மாறும். பேரிங்குக்கு ரோடு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். இரண்டாவது, உள்ளங்கை. டயரின் பூ மேல் முன்னும் பின்னும் தடவினால் ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் வாள் பல் போல் கையைப் பிடிக்கும். என் பின் இடது டயரில் அது நன்றாகவே இருந்தது, அங்கிள் சும்மா சொல்லவில்லை. ஆனால் முன்பின் டயர்களை மாற்றிப் போட்டபோது அந்த டயரின் மெல்லிய முனகல் மட்டும்தான் முன்னுக்கு வந்தது, பெரிய ஊங் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. டயர் வாங்கக் கடைக்குப் போகுமுன் இந்த அரைமணி நேர வேலையைச் செய்துவிடுங்கள்.

பேரிங்கைக் காட்டிக்கொடுப்பது ஸ்டியரிங். ஆள் இல்லாத நேர் ரோட்டில், 50, 60இல், மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். (விடியப்புறம் டவுனுக்குள் இதைச் செய்ய வேண்டாம், ரோட்டில் மான்கள் படுத்திருக்கும்.) இடப்பக்கம் வெட்டினால் பாரம் வலது சக்கரத்தில் ஏறும், வலப்பக்கம் வெட்டினால் இடது சக்கரத்தில். என் கார் வலப்பக்கம் வெட்டும்போது கத்தியது, இடப்பக்கம் வெட்டும்போது தணிந்தது. அப்படியென்றால் இடது! நூற்றுக்கு நூறு விதி இல்லை இது, சில பேரிங் மாறியும் நடக்கும். ஆனாலும் பாஸ் வலது என்று சொன்னதற்குக் காரணம் எனக்குப் பிடிபட்டது. எங்கள் நாட்டில் டிரைவர் இருப்பது வலதுபக்கம், பாடி முழுக்கச் சத்தத்தைக் கடத்துகிறது, ஆகவே எது கத்தினாலும் காலடியில் கத்துவது போலத்தான் இருக்கும்.

உறுதிக்கு ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறு கையை ஸ்பிரிங் சுருளில் வைத்துப் பார்த்தேன். வலது ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. இடதில் மணல் அரைபடுவது போல விரல் நுனியில் ஒரு கிறுகிறுப்பு, காதுக்குக் கேட்காத அளவில். ஓடிப் பார்த்ததைத் தவிரக் கராஜில் செய்தது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது மட்டும்தான். ஆட்டம் இருந்தால் பேரிங் மோசம் என்பது சரி, ஆட்டம் இல்லையென்றால் பேரிங் நல்லது என்பது பிழை. அதோடு எஞ்சினை ஓட விட்டுத் தூக்கிய சக்கரத்தைக் கேட்கிற பழக்கத்தையும் நான் நம்புவதில்லை. சக்கரம் தொங்கும்போது சிவி ஜொயின்ட் கோணலாக நின்று, நல்ல ஜொயின்டே சத்தம் போடும். ஆபத்தும் கூட.

கடற்கரை ஊர்க்காரருக்கு இன்னொன்று: பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகடு உப்பில் துருப்பிடித்து வளைந்து டிஸ்க்கில் உரசினால் 'கீச்' என்று வரும். அதைக் கையால் கொஞ்சம் நெம்பி விட்டால் போதும்.

இடது பேரிங்கை மாற்றினார்கள். பழசு இரண்டையும் கேட்டு வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தேன். வலதின் தடம் கண்ணாடி. இடதில் கிரீஸ் தேநீர் நிறத்துக்கு மாறி, தடத்தில் அரிசி அளவுக்கு இரும்பு உரிந்து குழி விழுந்திருந்தது. மாரியில் தம்பலகாமம் பக்கம் வெள்ளம் ஏறிய ரோட்டில் இரண்டு மூன்று தடவை போனது ஞாபகம் வந்தது. ஓடிச் சூடான ஹப் (பேரிங் இருக்கிற சக்கரத்தின் நடுப்பகுதி) தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும், சீல் பழசென்றால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பாஸிடம் இரண்டையும் காட்டினேன். வலதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டாவது தடவைக்குக் கூலி வாங்கவில்லை. வாள் பல் டயர் இன்னும் ஓடுகிறது, கார்பெட் ரோட்டில் மட்டும் கொஞ்சம் முனகும்.