லீவரா, சிலிண்டரா: மகளின் எயார் ரைபிளுக்காகப் பார்த்த இரண்டு

மகளுக்கு 14 வயது. 10 மீற்றர் எயார் ரைபிள் சுடுகிறாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கை வீராங்கனை தெஹானி எகொடவெல சுட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து அதே நினைப்புத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னர், கிளப் வழியாகப் பாவித்த ரைபிள் ஒன்றை எடுப்பது என்று முடிவானபோது எங்கள் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று பழைய ஃபைன்வெர்க்பாவ் 602. பக்கத்திலுள்ள நீண்ட லீவரை ஒருமுறை விரித்து மூடினால் ஒரு சூட்டுக்கான காற்று உள்ளே அடைபடும். மற்றது 200 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கில், காற்று நிரப்பிய சிலிண்டர் பூட்டிய, அதைவிடப் புதிய ரைபிள். நாங்கள் லீவரை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

குறி தவறாமை பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. இரண்டும் சுடுவது 4.5 மில்லிமீற்றர் பெலட் என்ற சின்னக் குண்டைத்தான். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் பொட்டு அரை மில்லிமீற்றர் அகலம். அதை அடிக்கும் தகுதி இரண்டுக்குமே உண்டு, குறை இருந்தால் சுடுகிறவரிடம்தான். எடையும் இரண்டிலும் போட்டிக்கு அனுமதித்த 5.5 கிலோவுக்குள்தான்.

சிலிண்டருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதை மறைக்க மாட்டேன். பெலட்டை வைத்து மூடினால் போதும், உடம்பு நின்ற நிலை கலையாது. 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டிய போட்டியில் இது சின்ன விஷயமல்ல. லீவரில் ஒவ்வொரு குண்டுக்கும் ரைபிளைத் தாங்கியில் இறக்கி, இழுத்து, மூடி, மறுபடி தோளில் ஏற்றி நிலை எடுக்க வேண்டும். முதல் மாதம் நாற்பதாவது குண்டுக்குப் பிறகு மகளின் வலது கை நடுங்கத் தொடங்கிவிடும். மூன்று மாதத்தில் பழகிவிட்டது. பத்து, பதினொரு வயதுச் சின்னப் பிள்ளைக்கு என்றால் நான் லீவரைச் சொல்ல மாட்டேன்.

அப்படியிருந்தும் ஏன் லீவர்? காற்றுத்தான் காரணம்.

200 பார் காற்றைக் கொழும்பில் எங்கே வாங்குவது? வாகன டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் கிடைக்காது. சுழியோடிகளுக்குச் சிலிண்டர் நிரப்பித் தரும் இடங்கள்தான் வழி. கல்கிசைப் பக்கம் போக வேண்டும். மார்கழியில் பிரச்சினை இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி மேற்குக் கடல் கலங்கினால் சுழியோட்டம் திருகோணமலைப் பக்கம் போய்விடுகிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நிரப்ப ஆள் தேடி அலைய வேண்டும். சொந்தமாக ஒரு பெரிய சுழியோட்டச் சிலிண்டரை வாங்கி வைத்து அதிலிருந்து மாற்றலாம் என்பார்கள். மாற்றலாம், ஆனால் பெரியது 150 பாருக்கு இறங்கினால் சின்னதும் 150க்கு மேல் ஏறாது.

அடுத்தது கைப்பம்ப். சைக்கிள் பம்ப் போல நின்றுகொண்டு அடிப்பது. கிளப்பில் இன்னொரு பிள்ளையின் ரைபிளுக்கு இதைத்தான் பாவித்தார்கள். கொழும்புக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை 200 மடங்கு அழுத்தினால் ஈரம் தண்ணீராகப் பிரியும். அந்த ரைபிளின் குண்டுகள் மெல்ல மெல்ல மேலும் கீழுமாகச் சிதறத் தொடங்கின, பக்கவாட்டில் அல்ல. வேகம் மாறுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். கழற்றிப் பார்த்த தம்பி, வால்வின் வாயை வெள்ளைத் துணியில் ஒற்றிக் காட்டினார். பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். "அண்ணா, உள்ளுக்குத் தண்ணி நிண்டு கறள் பிடிச்சிருக்கு" என்றார். லீவர் ரைபிளும் இதே ஈரக்காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு, அடுத்த சூட்டிலேயே குண்டோடு வெளியே போய்விடுகிறது. உள்ளே தங்குவதில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: காற்றுக்கு வழியில்லை என்று யாராவது ஒட்சிசன் சிலிண்டரைக் காட்டினால் கிட்டப் போகாதீர்கள். எண்ணெய்ப் பசையும் அழுத்தமான ஒட்சிசனும் சேர்ந்தால் வெடிக்கும்.

அப்புறம் திகதி. போட்டி விதிப்படி சிலிண்டர் அதன் காலத்துக்குள் இருக்க வேண்டும், அதிகபட்சம் 10 வருடம். எங்களுக்குக் காட்டிய ரைபிளின் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன், தயாரித்த வருடம் 2014 என்று பொறித்திருந்தது. விற்கிறவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. புதிய சிலிண்டருக்கு வெளிநாட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டும், அனுமதியும் எடுக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் வாங்குகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது அந்தத் திகதியைத்தான். அதற்குள் எத்தனை வருடம் மிச்சமோ அவ்வளவுக்குத்தான் விலை. லீவரில் காலாவதியாக எதுவும் இல்லை. 602 எங்களைவிட மூத்த கைகள் பலவற்றைக் கடந்து வந்தது.

அதிலும் காற்றைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் தேயும். எங்களிடம் வந்த பிறகு இன்னும் மாற்றவில்லை. இரண்டு வருட அனுபவத்தை வைத்து அவை எத்தனை காலம் உழைக்கும் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. காற்றை அடைத்தபடி வைக்காமல் சுட்டு முடித்து மூடுவது, லீவரின் மூட்டுக்கு ஒரு துளி எண்ணெய், இவ்வளவுதான் இதுவரை செய்தது.

மகள் தேசிய அணித் தேர்வுவரை போனால் நிலைமை மாறும். அங்கே நிலை கலையாமல் சுடுவது பெரிய பலம். அப்போது கிளப்பின் சிலிண்டர் ரைபிளை இரவல் கேட்பேன். அதுவும் தை மாதத்தில் தேர்வு வைத்தால் நல்லது.