வீட்டுச் சோதனை பற்றிப் புகார் கொடுக்கப் போகிறீர்களா? அது யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்

மாடியில் வாடகைக்கு இருந்த பையனைத் தேடி போன வருடம் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அவன் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லியும் கேட்கவில்லை. அம்மாவின் பீரோவைத் திறந்து புடவைகளைத் தரையில் இழுத்துப் போட்டார்கள். பத்திர ஃபைலைப் பிரித்துக் கட்டிலில் கொட்டினார்கள். தம்பியின் செல்போனை எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததற்குப் பட்டியல் இல்லை, சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ஆள் இல்லை, வீடியோவும் இல்லை.

எஸ்பி ஆபீஸில் மனு கொடுத்தோம். அது டிஎஸ்பிக்குப் போய், சுற்றி அதே ஸ்டேஷனுக்கே வந்தது. எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டவர், சோதனைக்கு வந்த அதே இன்ஸ்பெக்டர்! "மேல் நடவடிக்கை தேவையில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு போனை வாங்கிட்டுப் போங்கம்மா" என்றார். அம்மா மறுத்துவிட்டார். அப்புறம் 'சோதனை முறைப்படி நடந்துள்ளது, மனு முடிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. யார் மேல் புகாரோ அவரே விசாரித்தால் வேறு என்ன வரும்?

போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தொடரப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 போலீஸ் சீர்திருத்தச் சட்டமோ அந்த ஆணையத்துக்கு மாநிலத்தில் உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் கலெக்டரையும் தலைவராக்கி, டிஜிபியையும் எஸ்பியையும் உறுப்பினர்களாக்கியது. இதை எப்படிச் சுதந்திரமான விசாரணை என்பது?

அதனால் மனுவோடு நின்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவுப்படி சோதனையை வீடியோ எடுத்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். 103-வது பிரிவுப்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும், பட்டியல் நகல் வீட்டுக்காரர் கைக்கு வர வேண்டும். வாரண்ட் இல்லாமல் 185-வது பிரிவில் வந்திருந்தால், காரணத்தை எழுதி 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதன் நகலைக் கோர்ட்டில் விண்ணப்பித்து இலவசமாக வாங்கலாம். முதலில் அதைக் கேளுங்கள். அப்படி ஒரு காகிதமே போகவில்லை என்றால், 'முறைப்படி' என்ற பதில் அங்கேயே உடைந்துவிடும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஸ்டேஷன் பதிலுக்காகக் காத்திருந்தே அந்தக் கெடு போய்விடும், கவனம்.