செறிந்த தாதுவா, மெலிந்த தாதுவா: நீண்ட காலத்துக்கு எது?

சுரங்கப் பங்கு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது தாதுவின் தரத்தைத்தான். டன்னுக்கு 15 கிராம் தங்கம் என்றால் கண் விரியும்; 0.6 கிராம் என்றால் பேச்சே இல்லை. நீண்ட காலம் காத்திருக்க முடிந்தவருக்கு இந்த அவசரம் தேவையில்லை என்பது என் கட்சி.

செறிந்த தாதுவின் பலம் வெளிப்படையானது. கொஞ்சம் பாறையை அரைத்தாலே நிறைய உலோகம், போட்ட முதலும் சீக்கிரம் திரும்பும். விலை சரிந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் படிவு, அதாவது பூமிக்குள் தாது சேர்ந்து கிடக்கும் இடம், பெரும்பாலும் சின்னது. ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்டர்வில் சுரங்கம் 2020இல் சுமார் 6.4 லட்சம் அவுன்ஸ் தங்கம் தந்தது. மிகச் செறிந்த ஸ்வான் பகுதி தீரத் தீர, 2023இல் அது 2.8 லட்சத்துக்கு இறங்கிவிட்டது.

மெலிந்த தாதுவின் கதை வேறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிங்கம் கேன்யனில் 1899இல் பொறியாளர் டேனியல் ஜாக்லிங் கைகாட்டியது 2 சதவீதச் செம்புத் தாதுவை. அன்றைக்கு அதைச் சீந்தியவர்கள் குறைவு. 1906இல் நீராவி மண்வாரிகளை இறக்கித் திறந்தவெளியாகத் தோண்டத் தொடங்கினார்கள். நூறாண்டு தாண்டியும், 1 சதவீதத்துக்கும் குறைந்த தாதுவை வைத்துக்கொண்டு, அது ஓடுகிறது.

விலை நகரும்போதுதான் இரண்டின் குணமும் தெரியும். ஒரு கணக்குக்கு, செறிந்த சுரங்கத்தில் ஒரு அவுன்ஸ் எடுக்க 800 டாலர், மெலிந்ததில் 1,500 டாலர் ஆகிறது என்று வைப்போம். தங்கம் 1,600இலிருந்து 2,000 டாலருக்குப் போனால் முதலாவதின் லாபம் 800இலிருந்து 1,200 ஆகும், அதாவது ஒன்றரை மடங்கு. இரண்டாவதின் லாபம் 100இலிருந்து 500, ஐந்து மடங்கு! அதோடு, நேற்றுவரை கழிவு என்று ஒதுக்கிய பாறையும் தாதுக் கணக்கில் சேர்ந்துவிடும். சரி, தங்கம் 1,400க்கு இறங்கினால்? முதலாவது 600 டாலர் லாபத்தில் நிற்கும், இரண்டாவது நஷ்டத்தில்.

அதனால் கடன் சுமையோடு ஓடும் மெலிந்த சுரங்கத்தை நான் தொட மாட்டேன். தோண்டாமல் கிடக்கும் பெரிய படிவு எனக்கு அதைவிடப் பிடிக்கும், மலிவாகக் கிடைத்தால். கனடாவின் சீபிரிட்ஜ் கோல்ட் நிறுவனம் செய்தது இதைத்தான்: தங்கம் 300 டாலருக்குக் கீழே கிடந்த 2000 வாக்கில் இத்தகைய படிவுகளை வாங்கிச் சேர்த்தது. அவற்றில் பெரியதான கேஎஸ்எம், 2024 வரை உற்பத்தியைத் தொடங்கவில்லை. பொறுமைக்கும் ஒரு விலை உண்டு: ஆண்டுக்கு 10 சதவீதம் கழித்துப் பார்த்தால், 30 ஆண்டு கழித்து வரும் 100 டாலரின் இன்றைய மதிப்பு 6 டாலர்கூட இல்லை.

காத்திருக்கும் காலத்தில் செலவுக்காக நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தால் உங்கள் பங்கு கரைந்துபோகும். மொத்தம் எத்தனை அவுன்ஸ் என்று விளம்பரத்தில் வரும்; ஒரு பங்குக்கு எத்தனை அவுன்ஸ், அது ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்பதை நாம்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் அனுமதி. அலாஸ்காவின் பெபிள் படிவில் செம்பும் தங்கமும் ஏராளம். சால்மன் மீன்கள் முட்டையிடும் பிரிஸ்டல் விரிகுடா நீர்ப்பகுதியைக் காக்க, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 ஜனவரியில் அந்தத் திட்டத்துக்குத் தடை போட்டது.