அரிசிப் பையா, நியாயமான கூலியா?

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் கோயில் வாசலில் ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பால் சபையினர் அரிசிப் பை கொடுத்தார்கள். வரிசையில் நின்ற அக்கா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. “சம்பளத்தை ஒழுங்கா ஏத்திக் கொடுத்தா நான் ஏன் தம்பி இங்க நிக்கணும்?” என்றார்.

அந்தச் சபை 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. வீடு தேடிப் போய் விசாரிப்பது அவர்கள் வழக்கம். இன்றைய பசிக்கு அரிசிப் பையைவிட வேகமான உதவி இல்லை.

இன்னொன்று கூலி வழி. 1891-இல் திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ, திருச்சபைக்கு எழுதிய ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலில் தெளிவாகவே எழுதினார்: பேசி ஒத்துக்கொண்ட கூலியானாலும், சிக்கனமாக வாழும் தொழிலாளிக்கு அது போதவில்லை என்றால் நியாயமில்லை. வேறு வழியின்றித் தலையாட்டுவது சம்மதமே அல்ல. தனிச்சொத்தை ஆதரித்த அதே மடல், சங்கம் சேர்வதும் இயற்கை உரிமை என்றது.

சரி, சங்கம் எங்கே? 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள், தொழிற்சங்க முன்னோடிகளான வாடியாவும் திரு.வி.க.வும் உடன் நின்றார்கள். திருச்சபை தொடங்கியதல்ல அது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூட ஆலை வாசல் இருந்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை, ஆளுக்கொரு அடுக்ககம். அதனால் கூலி வழி மெதுவாகத்தான் நகரும்.

என் மனம் கூலி வழியில்தான் நிற்கிறது. அதுவரை பையை நிறுத்தக் கூடாது. ஆனால் அரிசிக்குப் பணம் தரும் நம்மில் பலர் வீட்டிலும் ஓர் அக்கா பாத்திரம் தேய்க்கிறார். அவர் சம்பளத்தைக் கடைசியாக எப்போது உயர்த்தினோம்?