சாவித் தொழில் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா? மூன்று வருட அனுபவம்

சாவித் தொழிலுக்காக நான் இரண்டு இடத்தில் பணம் கட்டிப் படித்தேன். ஒன்று, பூட்டுத் திறக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பு. சில ஆயிரம் ரூபாய்தான். இன்னொன்று, கார் சாவி புரோகிராமிங், அதாவது புதுச்சாவியை வண்டி ஏற்றுக்கொள்ளும்படி அதில் பதிவது. நேரில் போய்த் தங்கிப் படித்ததால் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயை நெருங்கிவிட்டது. படித்து முடித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, இந்தத் தொழிலில்தான் வீடு ஓடுகிறது. ஆன்லைன் வகுப்புக்குக் கட்டியது வீண். கார் வகுப்புக்குக் கட்டியது திரும்பி வந்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன்.

ஆன்லைன் வகுப்பில் சொல்லித் தந்தது எதுவும் தப்பில்லை. மேல் பின், கீழ் பின், ஸ்பிரிங் எல்லாம் எப்படி உட்கார்ந்திருக்கின்றன, கம்பியை எவ்வளவு மெதுவாக அழுத்த வேண்டும் என்று, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பூட்டை வைத்து அழகாகவே காட்டினார்கள். ஆனால் நம் ஊரில் கடைக்கு வரும் வேலை வேறு. பீரோ லாக்கர், பைக்கின் பெட்ரோல் டேங்க் மூடி, பாட்டி காலத்து லீவர் பூட்டு (பின்னுக்குப் பதில் உள்ளே தகடுகள் இருக்கும்). 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டுக்குள்ளும் லீவர்கள்தான் இருக்கின்றன. பின் பூட்டுக்குப் பழகிய கை அங்கே அப்படியே செல்லாது.

அங்கே சோறு போடுவது அரம். பிளாங்கின், அதாவது இன்னும் வெட்டாத வெற்றுச் சாவியின் ஓரத்தை அரத்தால் வழவழப்பாக்கி, பூட்டுக்குள் விட்டு, லேசாக முறுக்கி எடுக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே அழுத்திய இடத்தில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஒரு தடம் தெரியும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு, மறுபடி உள்ளே, மறுபடி முறுக்கல். தடம் விழாத இடத்தில் அரம் பட்டால் அந்த பிளாங்க் போச்சு. இதை வீடியோ காட்டும், ஆனால் கைக்கு வராது. பழைய கடை ஒன்றில் அண்ணனிடம் சம்பளம் பேசாமல் உட்கார்ந்து, காயலான் கடைப் பூட்டுகளில்தான் நான் இதைப் பழகினேன். சாதாரணப் பூட்டு வேலைக்கு யாராவது பெரிய தொகை கேட்டால், அந்தப் பணத்தில் ஒரு வைஸும் நல்ல அரங்களும் கொஞ்சம் பிளாங்கும் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு கடையில் போய் உட்காருங்கள்.

கார் விஷயம் அப்படியில்லை. சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி தேவையில்லை. இக்னிஷனைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கொடுக்கும் அலையிலேயே (பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்) உயிர் பெற்றுத் தன் அடையாளத்தைச் சொல்லும். அது வண்டியில் பதிவானதோடு பொருந்தவில்லை என்றால், சாவியை எவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தாலும் பூட்டு திரும்புமே தவிர இன்ஜின் ஓடாது. இந்த அளவுக்கு யூடியூப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். வகுப்பில் கிடைத்தது வேறு: அடுத்தவர் வண்டியில் செய்து நஷ்டப்படவேண்டிய தப்புகளைப் பழைய பாகங்களிலேயே செய்து பார்த்துவிட்டு வந்தது.

எல்லாச் சாவியும் தொலைந்த வண்டி வந்தால், சில மாடல்களில் இம்மொபிலைசர் பெட்டியை (சாவி சிப்பின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பெட்டி) கழற்றி, உள்ளே இருக்கும் எட்டுக்கால் மெமரி சிப்பைப் படிக்க வேண்டியிருக்கும். மாஸ்டர் எங்களைத் தொட விடுவதற்கு முன்னால் ஒரே பிடிவாதம் பிடித்தார்: ஒரு முறை படி, சேமி. சிப்பின் கால்களில் மாட்டிய கிளிப்பைக் கழற்றி மாட்டி இன்னொரு முறை படி. இரண்டு ஃபைலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் எழுத வேண்டும். கால் சரியாகப் படாமல் கிடைத்த தப்பான ஃபைலை எழுதிவிட்டால் பெட்டி அத்தோடு முடிந்தது. இன்னொன்று, வண்டி பேட்டரி. புரோகிராம் பாதியில் இருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் யூனிட் படுத்துவிடலாம், அதனால் சார்ஜரை மாட்டாமல் ஆரம்பிக்கவே கூடாது. இந்த இரண்டு பழக்கமும் கையில் ஊறியதற்கே நான் கட்டிய ஃபீஸ் சரியாகிவிட்டது.

லிஷி கருவியையும் அங்கேதான் பழகினேன். பூட்டைத் திறக்கவும், அதன் சாவி வெட்டின் ஆழத்தைப் படிக்கவும் உதவும் கருவி அது. ஒவ்வொரு சாவி வகைக்கும் தனி லிஷி; ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகள் பலவற்றுக்கு எச்யூ66 என்ற வகை. கதவைத் திறந்த கையோடு, அளவுக்கோட்டில் முள் நிற்கும் இடத்தைப் படித்து ஒவ்வொரு வெட்டின் ஆழத்தையும் எழுதிக்கொண்டால், தொலைந்த சாவியைக் கண்ணால் பார்க்காமலே புதுச்சாவி வெட்டலாம்.

குறையும் உண்டு. கடைசி நாள் முழுக்க மெஷின் விற்பனைதான். வெளியே விசாரித்தால் அதே மெஷின் குறைவான விலைக்குக் கிடைத்தது. ‘வாழ்நாள் சப்போர்ட்’ என்று சொன்ன வாட்ஸ்அப் குரூப் சில மாதத்தில் அடங்கிவிட்டது. சான்றிதழை இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு: ஆர்சி புத்தகத்தையும் வண்டிக்காரரின் அடையாள அட்டையையும் பார்க்காமல் சாவி போடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருட்டு வண்டிக்குச் சாவி போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கப்போவது மாணவன்தானே! அதை முதல் நாள், முதல் பாடமாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஒவ்வொரு வேலைக்கும் நகல் வாங்கி நோட்டில் ஒட்டிவைக்கிறேன்.

சாவி வெட்டும் மெஷினை ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர் தாராளமாகப் போகலாம். புதிதாக வருகிறவர் ஃபீஸோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். சாவியை வண்டியில் பதியும் புரோகிராமர் மெஷின், அதன் அப்டேட், சிப், ரிமோட் ஸ்டாக் என்று அதைவிடப் பெரிய தொகை அப்புறம்தான் வரும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் படித்தால் படிப்பு சும்மா கிடக்கும். பணம் கட்டும் முன், எல்லாச் சாவியும் தொலைந்த வண்டி வேலையை நம் கையாலேயே செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். பழைய மாணவர் ஒருவரின் நம்பரை வாங்கி, கடைசியாக அவர் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் வந்ததா என்று விசாரியுங்கள். நம்பர் தரத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.